ரோந்தைக் கூட்டியதால் திருட்டு குறைந்ததா? அதை எப்படிக் கண்டறிவது?

வடகரைவாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் வைகைக்கு வடக்கே உள்ள விரிவாக்கப் பகுதி ஒன்றில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். சென்ற ஆடி மாதம் மூன்றே வாரத்துக்குள் எங்கள் பகுதியில் நான்கு செயின் பறிப்புகள் நடந்தன. நால்வருமே விடியற்காலையில் கோலம் போட வாசலுக்கு வந்த பெண்கள். சங்கத்தார் திரண்டு போய்க் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தோம். அவர்களும் மனம் வைத்து ரோந்தைக் கூட்டினார்கள். நாங்கள் எங்கள் பங்குக்கு வசூல் செய்து ஆறு தெருக்களின் முனையில் கேமரா பொருத்தினோம். அதற்குப் பின் பொங்கல் வரை ஒரே ஒரு பறிப்புதான் பதிவாகியிருக்கிறது.

பொங்கல் கழிந்து நடந்த கூட்டத்தில், திட்டம் வெற்றி பெற்றுவிட்டது, மீதியுள்ள பதினெட்டுத் தெருக்களுக்கும் கேமரா வாங்க வீட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் வசூலிக்கலாம் என்று தீர்மானம் எழுதினார்கள். அதில் நான் கையெழுத்திட வேண்டும். மனம் ஒப்பவில்லை. ரோந்தும் கேமராவும் வேண்டாம் என்பதல்ல என் எண்ணம். நான்கு ஒன்றாகக் குறைந்ததற்கு ரோந்து காரணமா, கேமரா காரணமா, அல்லது பறித்தவர்கள் வேறு ஏதோ வழக்கில் சிறைக்குப் போய்விட்டார்களா என்று அறியாமல், ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்களிடம் போய்ப் பணம் கேட்பது நியாயமாகப் படவில்லை. இத்தகைய திட்டங்களின் பலனை அளக்க முறையான வழி உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கணக்கு வாத்தியார்

ஐயா, கையெழுத்தை நிறுத்தி வைத்தது சரியான செயல். கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் எப்போது மனுக் கொடுத்தீர்கள் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். மூன்று வாரத்தில் நான்கு பறிப்பு நடந்த உடனே கொடுத்தீர்கள். சாதாரண மாதத்தில் யாரும் திரண்டு போய் மனுக் கொடுப்பதில்லை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் முகூர்த்த நாளன்று மல்லிகை விலை உச்சிக்கு ஏறுகிறது. அன்று மாலை யாராவது ஒரு பரிகாரம் செய்தால், மறுநாள் விலை இறங்கியதற்கு அந்தப் பரிகாரமே காரணம் என்று சொல்லிவிட முடியும். உச்சத்தில் இருக்கும் எந்த எண்ணும், ஒன்றும் செய்யாமல் விட்டாலும், தன் வழக்கமான அளவுக்கு இறங்கவே பார்க்கும். சராசரிக்குத் திரும்புதல் என்று இதற்குப் பெயர்.

இதற்குப் பாடமாகவே அமைந்த நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்தது. அங்கே 1955ஆம் ஆண்டில் 324 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். ஆளுநர் ரிபிகாஃப், வேகமாக ஓட்டுவோரின் உரிமத்தை முடக்கும் கடும் நடவடிக்கையைத் தொடங்கினார். மறு ஆண்டு இறப்பு 284 ஆனது. நாற்பது உயிர் காக்கப்பட்டது என்றே யாரும் சொல்வார்கள். கேம்பல், ராஸ் என்ற இரு அறிஞர்கள் 1968இல் அதே கணக்கை எடுத்து, முந்தைய பல ஆண்டுகளையும் அண்டை மாநிலங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நடவடிக்கை தொடங்கிய 1955, வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருந்த ஆண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. உரிமம் முடக்கப்பட்டவர்கள் உரிமம் இல்லாமலே ஓட்டத் தொடங்கியதையும் அவர்கள் கண்டார்கள்.

ஆகவே முன்னும் பின்னும் ஒவ்வோர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. நடவடிக்கைக்கு முந்தைய நான்கைந்து ஆண்டுகளின் மாதவாரிக் கணக்கு வேண்டும். நடவடிக்கை நடக்காத, உங்களைப் போன்றே அமைந்த வேறொரு பகுதியின் கணக்கும் அதே காலத்துக்கு வேண்டும். உங்கள் பகுதியில் ஏற்பட்ட குறைவிலிருந்து அந்தப் பகுதியில் ஏற்பட்ட குறைவைக் கழித்தால் எஞ்சுவதைத்தான் திட்டத்தின் கணக்கில் எழுதலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் எண்கள் மிகச் சிறியவை. ஓரிடத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது பறிப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதுவுமே மாறாவிட்டாலும் ஓர் ஆண்டு ஐந்தும் மறு ஆண்டு பதின்மூன்றுமாக வருவது இயல்பு. அத்தகைய எண்ணில் மூன்றோ நான்கோ குறைவதைக் கொண்டு வெற்றி என்றும் சொல்ல முடியாது, தோல்வி என்றும் சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற ரைட்டர்

வாத்தியார் ஐயா சொன்ன கணக்கு முறையை மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை, அதை எழுதிய கை சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுக்கு மேல் காவல்துறையில் இருந்து, அதில் பாதிக் காலம் நிலைய எழுத்தராக வேலை பார்த்தவன் நான்.

ஒரு பெண் கழுத்தில் கீறலோடு நிலையத்துக்கு வருகிறார். அவர் சொல்வது முதல் தகவல் அறிக்கையாகப் பதிவானால் அது குற்றம். வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப்பட்டால் அது மனு. "எங்கே தொலைத்தீர்கள் என்று நன்றாக நினைத்துப் பாருங்கள்" என்று கேட்டு, அவரும் தயங்கி, நகை காணவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஒன்றுமே இல்லை. மூன்றும் ஒரே பறிப்புதான். நான் பணியாற்றிய ஒரு நிலையத்தில், மாதாந்திரக் குற்றக் கூட்டத்துக்கு முந்தைய வாரம் வந்த புகார்கள் எல்லாம் மூன்றாவது வகையாகவே முடிந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், என் கையாலும் எழுதியிருக்கிறேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது. லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், பிடியாணை இல்லாமலே கைது செய்வதற்குரிய குற்றம் தெரியவந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013இல் கூறியது. தீர்ப்புக்குப் பின் நிலைமை மாறியது, முழுதாக மாறவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புத்தகத்திலும் கவனம் வேண்டும். ஒரே வழக்கில் கொலையும் கொள்ளையும் இருந்தால் கூடிய தண்டனைக்குரிய கொலை மட்டுமே எண்ணப்படும், கொள்ளை அந்த எண்ணிக்கையில் வராது.

ரோந்து கூடியது என்கிறீர்களே, அதையும் சரிபார்த்தீர்களா? ரோந்துக் காவலர் கையெழுத்திடுவதற்கென்று தெருமுனையில் ஒரு நோட்டு இருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கோவில் சுவரிலோ கடை ஷட்டரிலோ தொங்கவிட்டிருப்பார்கள். அதை எடுத்துப் புரட்டுங்கள். இரவு பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து என நான்கு நேரமும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், ஒரே சாய்வில் இருந்தால் அந்த நான்கும் ஒரே நிற்றலில் போட்டவை. மழை பெய்த இரவுக்குரிய பக்கத்தில் ஈரத்தின் சுவடே இல்லாமல் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நடக்காத ரோந்துக்குப் பலன் தேடுவது வீண் வேலை. காவலர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பகல் முழுதும் பந்தோபஸ்து பார்த்தவரை இரவு ரோந்துக்கும் போட்டால் அந்தக் கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.

ஒத்தக்கடை வழக்கறிஞர்

ரைட்டர் ஐயா வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. உயர் நீதிமன்றக் கிளையில் வழக்காடுகிறவள் என்ற முறையில் அவர் சொன்னதன் மறுபக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன். திட்டம் நன்றாக நடந்தால் பதிவாகும் குற்றம் கூடவும் செய்யும்.

மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் மட்டும் பெண்களுக்கான உதவி மையங்களை அமைத்தார்கள். அந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. உதவி மையம் இருந்த நிலையங்களில் பெண்கள் கொடுத்த புகார்கள் கூடுதலாகப் பதிவாயின. முதல் தகவல் அறிக்கைகள் கூடியது பெரும்பாலும் பெண் காவலர்கள் நடத்திய மையங்களில்தான். குற்ற எண்ணிக்கை குறைவதே வெற்றி என்ற அளவுகோலைக் கொண்டு பார்த்திருந்தால், இந்தத் திட்டம் ஊரைக் கெடுத்தது என்று எழுதியிருப்பார்கள். தமிழ்நாட்டில் 1992இல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் தொடங்கிய பின் கூடிய வழக்குகளையும் இந்தக் கண் கொண்டே பார்க்க வேண்டும். அதுவரை வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தது நிலையத்துப் படியேறியது.

வடகரைவாசி ஐயாவுக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பறிப்பு என்ற பெயரில் தனிக் குற்றம் இல்லை. திருட்டு என்றோ வழிப்பறி என்றோதான் பதிவார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆவது பிரிவு பறிப்பைத் தனிக் குற்றமாக்கியது. எனவே அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள பறிப்பு எண்ணிக்கையை நேருக்கு நேர் வைத்தால், தெருவில் எதுவும் மாறாமலே தாளில் எல்லாம் மாறியிருக்கும். நான்கைந்து ஆண்டுக் கணக்குக் கேட்கும்போது பிரிவைச் சொல்லிக் கேட்காதீர்கள். நிகழ்ச்சியைச் சொல்லிக் கேளுங்கள்.

செல்லூர் தறிக்காரர்

எல்லாரும் பெரிய செய்திகளாகச் சொல்கிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதித் தெருவுக்கு ரோந்தும் கேமராவும் கொடுத்து, மீதித் தெருவைச் சும்மா விடுவது என்றால், அந்தத் தெருவில் ஒரு பெண்ணின் கழுத்து அறுபட்டால் யார் பதில் சொல்வது? ஆராய்ச்சிக்காக எங்கள் வீட்டுப் பெண்களைப் பணயம் வைக்க வேண்டுமா?

கணக்கு வாத்தியார்

தறிக்கார ஐயா கேட்டது அடிப்படையான கேள்வி.

எல்லாத் தெருவுக்கும் ஒரே நாளில் கொடுக்கப் பணமும் ஆளும் இருந்தால், சிலருக்கு மறுப்பது தவறுதான். ஆனால் அப்படி எங்கும் இருப்பதில்லை. வடகரைவாசி ஐயாவின் பகுதியில் ஆறு தெருக்கள் ஏற்கெனவே பெற்றுவிட்டன, பதினெட்டுத் தெருக்கள் காத்திருக்கின்றன. அந்த ஆறையும் யார் தேர்ந்தெடுத்தார்கள்? பெரும்பாலும் கூட்டத்தில் குரல் உயர்ந்தவரின் தெருவாகத்தான் இருக்கும். காத்திருப்பது எப்படியும் நடக்கப் போகிறது என்னும்போது, யார் முதலில் யார் பிறகு என்ற வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். மூன்று மாதத்துக்கு ஆறு தெருவாகக் கொடுத்தால் ஒன்பது மாதத்தில் எல்லாத் தெருவும் பெற்றுவிடும். இடைப்பட்ட காலத்தில் பெற்ற தெருவையும் பெறாத தெருவையும் ஒப்பிட முடியும். குலுக்கல் நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டில், ஓலையில் எழுதிய பெயர்களைக் குடத்தில் இட்டு, ஒன்றுமறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னது பாரபட்சம் புகாமல் இருக்கத்தான். ஆய்வாளர்கள் குலுக்குவதும் அதே காரணத்துக்காகத்தான்: வசதியான தெரு, விளக்குள்ள தெரு, ஏற்கெனவே அமைதியான தெரு என்று ஒரு பக்கமாகச் சாயாமல் இரு குழுவும் ஒத்திருக்க வேண்டும்.

குலுக்கலால் தெரியவந்த உண்மைகள் பல முறை எல்லாருடைய நம்பிக்கைக்கும் மாறாக இருந்திருக்கின்றன. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் 1972 அக்டோபரில் தொடங்கி ஓராண்டு, 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் அழைத்தால் மட்டுமே காவலர் போனார். ஒரு பிரிவில் ரோந்து இரண்டு மூன்று மடங்காக்கப்பட்டது. மற்றொன்று பழையபடியே நடந்தது. குற்றத்திலும் மக்களின் அச்சத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. வண்டியில் பொதுவாகச் சுற்றி வருவதன் பலன் அவ்வளவுதான். பிறகு மினியாபொலிஸ் நகரில், அழைப்புகள் குவியும் 110 இடங்களைத் தெரிந்தெடுத்து, குலுக்கலில் வந்த பாதி இடங்களில் மட்டும் காவலர் இருப்பைக் கூட்டியபோது அங்கே அழைப்புகள் குறைந்தன. ஆகவே ரோந்து பயன் தருமா என்று பொதுப்படக் கேட்பதைவிட, எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் நின்றால் பயன் தரும் என்று கேட்பதே சரி.

நம் நாட்டு ஆய்வு இன்னும் நெருக்கமானது. ராஜஸ்தானில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரைப் பிடிக்கும் இரவுத் தணிக்கையைக் குலுக்கல் முறையில் இரு விதமாக நடத்தினார்கள். சில நிலையங்கள் ஒரே இடத்தில் தணிக்கை செய்தன. சில நிலையங்கள் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தன. மாற்றிய பகுதிகளில் இரவு விபத்து 17 விழுக்காடும் இரவு விபத்து இறப்பு 25 விழுக்காடும் குறைந்தன. ஒரே இடத்தில் நின்றதால் பலன் தென்படவில்லை. ஓட்டுநர்கள் மாற்றுப் பாதையைக் கற்றுக்கொண்டார்கள். தணிக்கை எங்கே நிற்கிறது என்பது நம்மூரில் டீக்கடையிலேயே தெரிந்துவிடுகிறது.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு வேலை வருகிறது. கேமரா வைத்த தெருவில் குறைந்த பறிப்பு அடுத்த தெருவுக்கு நகர்ந்திருக்கலாம். எனவே பக்கத்துத் தெருக்களையும் எண்ண வேண்டும். சில வேளைகளில் காவலின் பலன் பக்கத்துத் தெருவுக்கும் பரவுவதுண்டு. அதையும் எண்ணினால்தான் அறிய முடியும்.

ரைட்டர் ஐயா சொன்ன நோட்டுச் செய்தியை ராஜஸ்தானில் காவல் நிலையங்களைச் சீர்திருத்த 162 நிலையங்களில் நடந்த இன்னோர் ஆய்வும் உறுதி செய்கிறது. அங்கே வார விடுமுறை, சுழற்சிப் பணி, பொதுமக்கள் பார்வையாளர் ஆகியவை பல நிலையங்களில் சரியாக நடைமுறைக்கே வரவில்லை. காவலர்களுக்கான பயிற்சி நடந்தது, பலனும் தந்தது. அந்த ஆய்வுக் குழுவினர் தாங்களே புகார்தாரர்போல நிலையத்துக்குப் போய் வழக்குப் பதிகிறார்களா என்று சோதித்தார்கள். பதிவேட்டை நம்பாமல் அளக்க அதுவும் ஒரு வழி.

உசிலைப் பக்கம்

நீண்ட நாளாக இந்தக் களத்தில் படிக்க மட்டுமே செய்கிறேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்குத் தெற்கே இருக்கிறது. எங்கள் பகுதியில் ஒரு காவல் திட்டம் பல ஆண்டுகள் நடந்தது. ஒரு சமூகத்தையே பிறப்பால் குற்றவாளிகளாகக் கருதிய அதற்குக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று புத்தகத்தில் பெயர் இருக்கும். எங்கள் வீடுகளில் ரேகைச் சட்டம் என்பார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், இரவில் ஆஜர் கொடுக்க வேண்டும், வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். கைரேகை வைக்க மறுத்து எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதினாறு பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது.

உங்கள் விவாதத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரவு ஆஜருக்கு வராததே அந்தச் சட்டப்படி குற்றம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் தங்கியவரும் குற்றவாளி. திட்டம் கடுமையாக நடக்க நடக்க அந்தத் திட்டத்தின் குற்றவாளிகளும் கூடுவார்கள். அந்த எண்ணைக் காட்டி, பார்த்தீர்களா இவர்கள் இப்படித்தான் என்று மேலும் கடுமையாக்கலாம். என் தாத்தா வாழ்நாள் முழுவதும் எதையும் திருடியதில்லை. அவர் பேர் எத்தனை முறை அந்தக் கணக்கில் ஏறியது என்று எங்களுக்குத் தெரியாது.

ஆகவே வாத்தியார் ஐயாவிடம் பணிவோடு ஒன்று கேட்கிறேன். திட்டத்தால் குறைந்த பறிப்பை எண்ணுகிறீர்கள். அந்தத் திட்டத்துக்காக நிறுத்தி விசாரிக்கப்பட்டவர்கள், சந்தேகத்தில் அழைத்துப் போகப்பட்டுக் குற்றமில்லை என்று விடப்பட்டவர்கள், அன்றைய கூலியை இழந்தவர்கள், இவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

கணக்கு வாத்தியார்

எழுதப்படாமல் விடும் பக்கம் அதுதான், ஐயா. எழுத வேண்டிய பக்கமும் அதுதான். வடகரைவாசி ஐயா கணக்குக் கேட்கும்போது, இந்த ஆறு மாதத்தில் அந்தப் பகுதியில் எத்தனை பேர் நிறுத்தி விசாரிக்கப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் மீது வழக்கு வந்தது, எத்தனை பேர் சும்மா அனுப்பப்பட்டார்கள் என்பதையும் அதே தாளில் கேட்க வேண்டும். இது என் பட்டியலில் இல்லாமல் போனது என் குறை.

ஓய்வுபெற்ற ரைட்டர்

நிலையப் பதிவேட்டுக்கு வெளியே ஓர் எண் கிடைக்கும். மக்கள் 100க்கும் 112க்கும் செய்யும் அழைப்புகள் நிலைய எழுத்தரின் கைக்கு வருமுன்பே கட்டுப்பாட்டு அறையில் நேரத்தோடு பதிவாகிவிடும். தகவல் உரிமைச் சட்டத்தில் பெயர் விவரம் இல்லாமல் பகுதிவாரி, மாதவாரி எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். மறுக்கக் காரணம் இருக்காது. அதோடு, நேரே வீட்டுக்கு வீடு போய்க் கேளுங்கள். காவல் நிலையத்துக்கு வராதவர்களின் கணக்கு அங்கே மட்டும்தான் இருக்கிறது.

வடகரைவாசி

இரண்டு வாரமாகப் பதில் எழுதாததற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் சொன்னவற்றைக் கூட்டத்தில் வைத்தேன். வாதம் நீண்டது. முடிவில் "திட்டம் வெற்றி" என்ற வரியை அடித்துவிட்டு, "பலன் அளக்கப்படும்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வசூலை மூன்று தவணையாக்கினோம். ரேஷன் கடைத் திண்ணையில் பதினெட்டுச் சீட்டுகளைப் பித்தளைச் சொம்பில் போட்டு, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தையை எடுக்கச் சொன்னோம். கண்மாய்க் கரையோரம் உள்ள கடைசித் தெரு முதலில் வந்தது. தலைவரின் தெரு மூன்றாவது தவணைக்குப் போனது. அவர் மறுவார்த்தை சொல்லவில்லை.

ரோந்து நோட்டைப் புரட்டினேன். ரைட்டர் ஐயா சொன்ன அடையாளங்களில் சில அதில் இருந்தன. ஆய்வாளரிடம் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. விடியற்காலை ஐந்து முதல் ஆறரை வரை, கோலம் போடும் நேரத்தில் மட்டும், இரண்டு இடத்தில் நின்றால் போதும் என்று கேட்டோம். ஒப்புக்கொண்டார். விசாரிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையையும் கேட்டிருக்கிறோம். இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு வீடு கேட்கும் வேலையைப் பெண்கள் ஐந்து பேர் எடுத்துக்கொண்டார்கள். தேதி கேட்டால் யாருக்கும் நினைவில்லை என்பது முதல் நாளே தெரிந்தது. போன ஆண்டு நடந்ததைப் போன மாதம் என்கிறார்கள். அதனால் தாளை மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கியதற்கு முன்பா பின்பா, ஆடி வெள்ளிக்கு முன்பா பின்பா, தீபாவளிக்கு முன்பா பின்பா என்று கட்டம் போட்டோம்.

ஒன்பதாவது வீட்டில் ஒரு பாட்டியம்மா கதவைப் பாதி திறந்து நின்றார்கள். நகை பறிபோனதுண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றார்கள். எங்கள் பெண்கள் திரும்பும்போது கூப்பிட்டு, கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றைத் தொட்டுக் காட்டி, மூன்று பவுன் போனது, மகன் திட்டுவான் என்று யாரிடமும் சொல்லவில்லை என்றார்கள். தீபாவளிக்கு முதல் வாரம். கேமரா வைத்த ஆறு தெருக்களில் ஒன்று அது. "தீபாவளிக்கு முன்பு" என்ற கட்டத்தில், ரோந்து தொடங்கியதற்குப் பின் வரும் இரண்டாவது பறிப்பாக அதை எழுதிக்கொண்டோம்.